உறைக்குள் அடைத்த உயிர்

அட்டையிலிருந்து ஒரு கேப்சூலைப் பிதுக்கி எடுத்து, அதன் இரு பாதிகளையும் மெல்ல இழுத்துப் பிரித்தால் உள்ளே இருப்பது வெளிறிய மஞ்சள் நிறத் தூள். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். முகர்ந்தால் பால்பவுடரின் வாசம், அதனடியில் லேசான புளிப்பு. மொத்தமும் ஒரு சிட்டிகைதான். அதற்குள் 3,000 கோடி பாக்டீரியாக்கள் உயிரோடு இருப்பதாக அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கிறார்கள். அவை உண்பதில்லை, அசைவதில்லை, பெருகுவதில்லை. ஈரம் பட்டால்தான் விழிக்கும்.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களின் மருந்துச் சீட்டில் இந்தக் கேப்சூலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி வரி. ரத்த அழுத்த மாத்திரை, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, சோடா மாத்திரை, இரும்புச்சத்து எல்லாம் முடிந்த பிறகு ஒரு புரோபயாட்டிக். சீட்டில் இல்லாவிட்டாலும், "யூரியா குறையுமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டார் வாங்கி வருகிறார்கள். மாதக்கணக்கில் விழுங்க வேண்டியது, விலையும் குறைவில்லை. விழுங்குகிறவரின் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: டயாலிசிஸைத் தள்ளிப்போட இது உதவுமா? அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்தக் கேப்சூல் எங்கிருந்து புறப்பட்டது, எந்த வழியாக வந்தது, உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று கடைசிவரை அதன் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

பாரிஸில் முளைத்த யோசனை

கேப்சூலுக்கு முன்பே அதன் யோசனை பிறந்துவிட்டது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த ரஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாஃப், 1908-இல் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முதுமை பற்றி அவருக்கு ஒரு தீவிரமான கருத்து இருந்தது. பெருங்குடலில் தங்கும் பாக்டீரியாக்கள் புரதத்தை அழுகச் செய்கின்றன. அப்போது உண்டாகும் பீனால், இண்டோல் போன்ற நச்சுகள் ரத்தத்தில் கலந்து உடம்பைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. புளித்த பாலில் உள்ள பாக்டீரியாக்களை அனுப்பினால் அவை அமிலத்தைச் சுரந்து அழுகலைத் தடுக்கும். 1907-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார்.

அவருக்குத் துணையாக இரண்டு கண்டுபிடிப்புகள் அப்போது கையில் இருந்தன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கிளை பிரிந்த வடிவில் ஒரு பாக்டீரியா நிறைந்திருப்பதை, அதே பாஸ்டர் நிறுவனத்தின் ஆன்றி டிசியே 1899-இல் பார்த்திருந்தார். இன்று நாம் பைஃபிடோபாக்டீரியம் என்று சொல்வது அதைத்தான். பல்கேரியத் தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவை, ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் 1905-இல் பிரித்துக் காட்டினார். பிறகு 1930-இல் ஜப்பானின் கியோட்டோவில் மினோரு ஷிரோட்டா, குடல்வரை சாகாமல் போய்ச் சேரும் ஒரு லாக்டோபசில்லஸைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். 1935-இல் அது 'யாகுல்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உயிருள்ள பாக்டீரியாவை எண்ணிக்கை பார்த்து, குப்பியில் அடைத்து, வீட்டுக்கு அனுப்பும் வணிகம் அங்கே வேரூன்றியது.

மெச்னிகாஃபின் கருத்து இடையில் மதிப்பிழந்து போனதற்கும் காரணம் உண்டு. குடல் நச்சுதான் எல்லா நோய்க்கும் வேர் என்று நம்பிய லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்த அளவுக்குப் போன பிறகு மருத்துவ உலகம் வெறுத்து ஒதுங்கியது. ஆயுள் கூடும் என்று மெச்னிகாஃப் சொன்னது நிரூபணமாகவில்லை. ஆனால் அவர் பெயர் சொல்லிச் சுட்டிய இண்டோல், கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழித்து சிறுநீரக மருத்துவத்தின் நடுக்கூடத்தில் வந்து நின்றது.

குடலிலிருந்து வரும் கழிவு

சிறுநீரகம் நின்றால் ரத்தத்தில் யூரியா ஏறும் என்பதை ஜெனீவாவில் பிரேவோவும் டூமாவும் 1821-இலேயே விலங்குகளில் காட்டிவிட்டார்கள். அந்த யூரியாவில் ஒரு பங்கு குடலுக்குள் கசிகிறது என்பதுதான் நம் கேப்சூலின் கதைக்கு முக்கியம். ஆரோக்கியமான உடம்பு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் யூரியாவை உண்டாக்குகிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கு குடலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதியால் உடைகிறது. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தில் யூரியா அதிகம். அதனால் குடலுக்குள் கசிவதும் அதிகம். அது உடையும்போது அம்மோனியா பிறக்கிறது. குடலின் காரத்தன்மை ஏறுகிறது, குடல் சுவரின் செல்களை நெருக்கமாகப் பிணைத்திருக்கும் இணைப்புகள் தளர்கின்றன.

டயாலிசிஸ் நோயாளிகளோடு வாழ்கிறவர்களுக்கு இது வெறும் பாடமல்ல. காலையில் எழுந்ததும் அவர்கள் வாயில் வரும் அம்மோனியா வாடை, எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியதுபோன்ற ருசி, பசியே இல்லாத வயிறு ஆகியவற்றுக்குப் பின்னால் இதே வேதியியல் இருக்கிறது. உமிழ்நீரில் கலந்த யூரியாவை வாயின் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த என். டி. வசீரியின் குழு, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களின் குடல் பாக்டீரியாக்களை ஆரோக்கியமானவர்களுடையதோடு ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டது. குடித்தனமே மாறிப்போயிருந்தது. அடுத்து வந்த ஆய்வில், யூரியாவை உடைப்பவையும் இண்டோல், கிரெசால் உண்டாக்குபவையும் பெருகியிருந்தன. குடல் சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தருபவை சுருங்கியிருந்தன. நோய் மட்டுமே இதற்குக் காரணமில்லை. பொட்டாசியத்துக்குப் பயந்து பழமும் காயும் கீரையும் தட்டிலிருந்து போய்விடுகின்றன. பாஸ்பரஸ் மாத்திரை, இரும்பு மாத்திரை, அடிக்கடி ஆன்டிபயாட்டிக், விடாத மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து குடலை வேறோர் இடமாக்கிவிடுகின்றன.

இண்டோலின் பாதையை இங்கே பார்த்துவிட வேண்டும். பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தில் செரிக்காமல் மிஞ்சியது பெருங்குடலை அடைகிறது. அங்கே ஈ. கோலை போன்றவை அதை இண்டோலாக்குகின்றன. இண்டோல் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட்டாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து இதே வழியில் பி-கிரெசில் சல்பேட் வருகிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் இரண்டையும் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. டயாலிசிஸ் இயந்திரமும் இங்கே திணறுகிறது. ஏனென்றால் இண்டாக்சில் சல்பேட்டில் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்தின் அல்புமினோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. அல்புமின் டயாலிசிஸ் சவ்வைத் தாண்டாது. ரத்தக் குழாயின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் எஞ்சிய திசுவையும் இந்தப் பொருள் பாதிப்பதை ஆய்வகத்திலும் விலங்குகளிலும் பலமுறை காட்டியிருக்கிறார்கள்.

இவை குடலிலிருந்துதான் வருகின்றன என்பதற்கு நேரடிச் சான்று 2011-இல் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் டிமோதி மேயரோடு வேலை செய்த பாவெல் ஆரனோவ், வேறு நோய்க்காகப் பெருங்குடல் எடுக்கப்பட்டுவிட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தையும் பெருங்குடல் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தையும் ஒப்பிட்டார். பெருங்குடல் இல்லாதவர்களிடம் இண்டாக்சில் சல்பேட்டும் பி-கிரெசில் சல்பேட்டும் மிகமிகக் குறைவாக இருந்தன. லேன் கத்தியோடு தேடிப்போய்த் தவறாகப் புரிந்துகொண்டதன் சரியான பாதி இதுதான். குடலை வெட்டத் தேவையில்லை. குடலுக்குள் நடப்பதை மாற்ற முடியுமா என்பதே கேள்வி.

சிறுநீரக நோயாளியை நோக்கி

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பல பேர் பல திசையில் போனார்கள். ஜப்பான் 1991-இல் கிரெமெசின் என்ற கரித்துகள் மருந்துக்கு அனுமதி தந்தது. குடலில் இண்டோலை உறிஞ்சிக்கொண்டு மலத்தோடு வெளியேறும் மருந்து அது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சத்ய பிரகாஷும் செயற்கைச் செல் ஆய்வின் முன்னோடியான தாமஸ் சாங்கும் வேறு வழி பிடித்தார்கள். யூரியேஸ் மரபணுவைச் செருகிய ஈ. கோலையை நுண்ணிய உறைக்குள் அடைத்து, சிறுநீரகம் கெட்ட எலிகளுக்குக் கொடுத்து, யூரியா குறைவதை 1996-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் காட்டினார்கள்.

பிலடெல்பியாவின் மைக்கேல் சிமென்ஹாஃப் வேறொரு வாசல் வழியாக வந்தார். சிறுநீரக நோயாளிகளின் மூச்சு வாடையில் என்ன இருக்கிறது என்று 1970-களிலேயே ஆராய்ந்தவர் அவர். டைமெதில் அமீன், டிரைமெதில் அமீன் என்ற பொருட்களை அதில் கண்டார். சிறுகுடலில் அளவுக்கு மீறிப் பெருகிய பாக்டீரியாக்கள்தான் இதற்குப் பொறுப்பு என்று எண்ணி, உறைநிலையில் உலர்த்திய லாக்டோபசில்லஸ் ஆசிடோபிலஸை டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் டைமெதில் அமீன் குறைந்தது. அது வெளியானதும் 1996-இல்தான். ஜப்பானில் தக்காயாமா, நிவா குழுவினர் 2003-இல் பைஃபிடோபாக்டீரியம் லாங்கத்தை வயிற்று அமிலம் தாக்காத உறையில் அடைத்து டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தந்து, இண்டாக்சில் சல்பேட் குறைந்ததாக எழுதினார்கள்.

இந்த எல்லா ஓடைகளும் ஒரு கடைச்சரக்காக வந்து சேர்ந்தது பென்சில்வேனியாவில். நடராஜன் ரங்கநாதன் தொடங்கிய கிபோ பயோடெக் நிறுவனம் மூன்று பாக்டீரியாக்களை ஒரே கேப்சூலில் சேர்த்தது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபசில்லஸ் ஆசிடோபிலஸ், பைஃபிடோபாக்டீரியம் லாங்கம். சிறுநீரகம் வெளியேற்ற முடியாததைக் குடல் வழியாக வெளியேற்றலாம் என்பதே அதன் கருத்து. 'ரெனடில்' என்ற பெயரில் மனிதர்களுக்கும், 'அசோடில்' என்ற பெயரில் பூனை, நாய்களுக்கும் அது விற்பனைக்கு வந்தது. இன்று சிறுநீரக நோயாளிகளுக்கென்று விற்கும் பல புரோபயாட்டிக் அட்டைகளில் இதே மூன்று பெயர்களைப் படிக்கலாம்.

தொட்டியிலிருந்து அட்டைக்கு

இனி தொழிற்சாலைக்குள் போவோம். மூல பாக்டீரியா மிகக் கடுங்குளிரில் சிறு குப்பிகளில் பாதுகாக்கப்படுகிறது. ஒரு குப்பியை எடுத்து இளக்கி, சிறு குடுவையில் வளர்த்து, அதிலிருந்து பெரிய எஃகுத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். சர்க்கரை, ஈஸ்ட் சாறு, பால்புரதம் கலந்த நீர், உடல் சூட்டுக்கு நெருங்கிய வெப்பம். பைஃபிடோபாக்டீரியத்துக்குக் காற்றுப் படக்கூடாது. பெருகப் பெருகத் தொட்டியில் லாக்டிக் அமிலம் சேரும். அது எல்லை மீறினால் பாக்டீரியாக்கள் தம் அமிலத்திலேயே சாகும் என்பதால் அவ்வப்போது காரம் சேர்த்துச் சமன் செய்கிறார்கள்.

வளர்ச்சி உச்சம் தொட்டதும் மையவிலக்கி அவற்றைச் சுழற்றிப் பிரிக்கிறது. மிஞ்சுவது அடர்ந்த, வெளிறிய கூழ். அதில் டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையோ கொழுப்பு நீக்கிய பாலோ கலக்கிறார்கள். பனிக்கட்டி கூராகிச் செல்சுவரைக் கிழிக்காமல் காப்பது அந்தச் சர்க்கரையின் வேலை. பிறகு கூழை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் வைத்தால், பனி உருகாமலே ஆவியாகிப் போகும். ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும் இந்த வேலை முடிந்ததும் மிஞ்சுவது மிகச் சில சதவீத ஈரம் மட்டுமே உள்ள, மொறமொறப்பான கட்டி. அதைப் பொடித்து, உறையில் நிரப்பி, ஈரம் புகாத அலுமினிய அட்டையில் அடைக்கிறார்கள்.

இந்த வழியில் ஒவ்வொரு படியிலும் சாவு உண்டு. உறையும்போது ஒரு பங்கு சாகும், உலரும்போது ஒரு பங்கு சாகும், அலமாரியில் காத்திருக்கும்போது தினமும் கொஞ்சம் சாகும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் அட்டையில் சொல்வதைவிடக் கூடுதலாகவே நிரப்புகிறார்கள். அதனால்தான் 'தயாரித்த நாளில் 3,000 கோடி' என்பதற்கும் 'காலாவதி நாள்வரை 3,000 கோடி' என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. குளிரில் வைக்கச் சொன்ன கேப்சூல் சித்திரை மாதத்து லாரியிலும் மின்விசிறி மட்டுமே ஓடும் கடையிலும் சில வாரம் கிடந்தால், வீட்டுக்கு வருவது பெரும்பாலும் செத்த பாக்டீரியா. தூளின் நிறமோ வாசமோ அதைக் காட்டிக்கொடுக்காது.

தொண்டைக்குக் கீழே

ஒரு வாய் தண்ணீரோடு கேப்சூல் வயிற்றுக்குள் விழுகிறது. தண்ணீருக்கும் அளவு உள்ள நோயாளி அந்த வாயையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். சாதாரண ஜெலட்டின் உறை சில நிமிடங்களில் கரையும். வெறும் வயிற்றில் அமிலம் கடுமையானது. சாப்பாட்டோடு போனால் தணிந்திருக்கும். அமிலத்தைத் தாங்கும் உறை என்றால் சிறுகுடல்வரை திறக்காது. அதைத் திறந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பூனைகளே சாட்சி. கேப்சூல் விழுங்காத பூனைகளுக்கு அசோடிலைப் பிரித்து உணவில் தூவிக் கொடுத்த ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. யூரியாவும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இன்னொரு கழிவான கிரியேட்டினினும் அசையவில்லை.

வயிற்றைத் தாண்டினால் பித்தநீர். அதையும் தாண்டிப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே இடமே இல்லை. மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள், பெரும்பாலானவை பெருங்குடலில். நாளொன்றுக்கு மூன்று கேப்சூல், 9,000 கோடி, அத்தனையும் உயிரோடு போய்ச் சேர்ந்தாலும் நானூறுக்கு ஒன்று. கேப்சூல் பாக்டீரியா, கூட்டம் நிறைந்த ஊரில் ஓர் இரவு தங்கிப் போகும் வழிப்போக்கர். அந்த ஊரில் வீடு வாங்குவது அபூர்வம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் ஆரோக்கியமானவர்களின் குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டு மாதிரி எடுத்துப் பார்த்தது. சிலரின் குடல் சுவரில் புரோபயாட்டிக் ஒட்டியது, சிலரின் குடல் அதை அப்படியே வெளியே அனுப்பியது. மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பெரும்பாலும் தடயமே இராது.

தங்கும் அந்தக் குறுகிய காலத்தில் அது என்ன செய்கிறது? யூரியாவின் கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸிடம் யூரியேஸ் உண்டு, யூரியாவை அது உடைக்கும். ஆனால் உடைந்து வரும் அம்மோனியா குடல் சுவர் வழியாக ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போனால், கல்லீரல் அதை மறுபடியும் யூரியாவாகவே ஆக்கிவிடும். நைட்ரஜன் உடம்பை விட்டுப் போக ஒரே வழி, பாக்டீரியா அந்த அம்மோனியாவைத் தன் உடம்பை வளர்க்கப் பயன்படுத்திக்கொண்டு, மலத்தோடு வெளியேற வேண்டும். வளர்வதற்கு அதற்கு மாவுச்சத்தும் நார்ச்சத்தும் வேண்டும். உணவு இல்லாத குடலில் யூரியாவை உடைப்பது அம்மோனியாவைக் கூட்டும் வேலையாகக்கூட முடியலாம். யூரியேஸ் உள்ள பாக்டீரியாக்களைச் சிறுநீரக நோயாளிக்குக் கொடுப்பது சரியா என்று வசீரி போன்றவர்கள் கேட்டது இதனால்தான்.

நார்ச்சத்தின் பங்குக்கும் சான்று உண்டு. 1996-இல் அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, குறைந்த புரத உணவோடு அரபுக்கோந்து என்ற மரப்பிசினைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியா எதுவும் கொடுக்கவில்லை. மலத்தில் நைட்ரஜன் கூடியது, ரத்தத்தில் யூரியா நைட்ரஜன் குறைந்தது. குடலில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களுக்கே தீனி போட்டதன் பலன் அது.

தராசில் ஏறியபோது

கேப்சூலின் பயணத்தில் மிகக் கடினமான கட்டம் சோதனை அரங்கு. மூன்று பாக்டீரியாக் கலவையை அமெரிக்கா, கனடா, நைஜீரியா, அர்ஜென்டினா என்ற நான்கு நாடுகளில் சோதித்த முடிவு 2010-இல் வந்தது. முழுவதுமாகப் பங்கேற்ற 46 பேரில் 29 பேருக்கு யூரியா நைட்ரஜன் குறைந்தது. கிரியேட்டினின் 20 பேருக்குக் குறைந்தது; ஆனால் புள்ளியியல் கணக்கில் அது தற்செயல் என்று தள்ளும் அளவுதான். பெரும்பாலோர் உடம்பு தெம்பாக இருப்பதாகச் சொன்னார்கள். அதே கலவையை நாளொன்றுக்கு 18,000 கோடி அளவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்த 2014-ஆம் ஆண்டுச் சோதனையில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் மாறவில்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த 'சினர்ஜி' சோதனை 2016-இல் வெளியானது. டயாலிசிஸுக்கு இன்னும் போகாதவர்களுக்குப் புரோபயாட்டிக்கோடு நார்ச்சத்தையும் சேர்த்து ஆறு வாரம் கொடுத்தார்கள். பி-கிரெசில் சல்பேட் நிச்சயமாகக் குறைந்தது. குடலில் பைஃபிடோபாக்டீரியம் கூடியது. இண்டாக்சில் சல்பேட்டில் தெளிவான மாற்றம் இல்லை. சிறுநீரில் புரதம் சற்றுக் கூடியது. பிரேசிலில் 2018-இல் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதே மூன்று பாக்டீரியாக்களை 9,000 கோடி அளவில் மூன்று மாதம் கொடுத்தபோது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது: யூரியா 149.6-லிருந்து 172.6 ஆனது, பொட்டாசியம் 4.4-லிருந்து 4.8 ஆனது, இண்டாக்சில் சல்பேட்டும் ஏறியது.

இந்த மாதிரிச் சோதனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டு காக்ரேன் அமைப்பு 2023-இல் அறிக்கை தந்தது. 45 ஆய்வுகள், 2,266 பேர். பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலத்தவை. சிறுநீரகம் காக்கப்படுகிறது என்றோ, ஆயுள் நீள்கிறது என்றோ நம்பிச் சொல்லத்தக்க சான்று இல்லை. பெரிய கெடுதலும் பதிவாகவில்லை. இங்கே கரித்துகள் மருந்தின் அனுபவத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வந்தபோது, நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை. குடலில் ஒரு நச்சைக் குறைப்பதும் சிறுநீரகத்தைக் காப்பதும் ஒன்றாகிவிடவில்லை.

வாங்குகிறவர் அறிய வேண்டியது

நோயாளியின் குடும்பம் எண்களைப் பிடித்துக்கொண்டே வாழ்கிறது. "போன மாசம் யூரியா 140, இந்த மாசம் 118" என்று சொல்லும் குரலில் உள்ள நம்பிக்கையைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அந்த நம்பிக்கையை யாரும் தவறாக வழிநடத்தக் கூடாது என்பதால் இதைத் திட்டமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: யூரியா குறைந்தால் சிறுநீரகம் சரியாகிறது என்று பொருளில்லை. புரதம் குறைவாகச் சாப்பிட்டாலே யூரியா குறையும். சாப்பிட முடியாமல் உடம்பு மெலியும்போதும் குறையும். சிறுநீரகத்தின் நிலையைக் கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆரும், சிறுநீரில் போகும் புரதமும், ரத்த அழுத்தமும் சேர்ந்துதான் சொல்லும்.

புரோபயாட்டிக்குகள் இங்கே பெரும்பாலும் உணவுச் சேர்க்கை என்ற வகையில் விற்கின்றன. மருந்து தன் பலனை நிரூபித்தாக வேண்டும். உணவுச் சேர்க்கைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாக்டீரியாவின் முழுப் பெயரும் அதன் ரக எண்ணும் இருக்கிறதா, எண்ணிக்கை காலாவதி நாள்வரை உறுதி தருகிறதா, எந்தக் குளிரில் வைக்கச் சொல்கிறது, உறையில் பொட்டாசியமோ பாஸ்பேட்டோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று கவனியுங்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

சிறுநீரக மாற்று அறுவை செய்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், கழுத்திலோ மார்பிலோ டயாலிசிஸ் குழாய் வைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் ரத்தத்தில் லாக்டோபசில்லஸ் புகுந்து தொற்றான நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு.

தயிர் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தயிர் நல்ல உணவு. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த ரகம், எத்தனை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உண்டு. எவ்வளவு என்பதை உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வியை அவரிடம் கேளுங்கள்: என் பொட்டாசிய அளவுக்குள் எந்தக் காய்களை, எவ்வளவு சாப்பிடலாம்? சுரை, புடல், பீர்க்கு, கோவை, அவரை போன்றவை பலருக்கு ஒத்துவரும். நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிடும் பழக்கம் பொட்டாசியத்தைக் குறைக்கும், நார் தங்கிவிடும். மலச்சிக்கலைப் பேச வெட்கப்படாதீர்கள். குடலில் கழிவு தங்கும் ஒவ்வொரு நாளும் இண்டோலுக்குக் கிடைக்கும் கூடுதல் நாள்.

கேப்சூலைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஒரு நூற்றாண்டு யோசனை, பலருடைய உழைப்பு, உண்மையான ஒரு பிரச்சினையை நோக்கி வந்த நேர்மையான பயணம் அது. சரியான பாக்டீரியாவும் சரியான நாரும் சரியான நோயாளியும் ஒன்று சேரும் பெரிய சோதனைகள் வந்தால் அதன் இடம் உயரலாம். இன்று அதன் இடம் மருந்துச் சீட்டின் கடைசி வரிதான். வயிறு லேசாகிறது, மலம் சீராகப் போகிறது என்றால் மருத்துவர் சொற்படி சாப்பிடுங்கள். கையில் காசு குறைந்த மாதத்தில் எதை நிறுத்துவது என்று யோசிக்க நேர்ந்தால், ரத்த அழுத்த மாத்திரையை, சர்க்கரை மருந்தை, ஒரு தவணை டயாலிசிஸை நிறுத்தாதீர்கள். இதை நிறுத்துங்கள்.